அந்தப் பாட்டி பனிக்காலத்தில் வரச் சொன்னால்

கண்ணு,

நேற்று போனில் நீ புலம்பினாயே, அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். கதை சொல்கிறேன் என்று ஒத்துக்கொண்ட அந்தப் பூர்வகுடிப் பாட்டி, நீ ரெக்கார்டரை எடுத்து வைத்ததும் "இது பனி விழுந்த பிறகு சொல்கிற கதை, அப்போது வா" என்று அனுப்பிவிட்டார், அனிமேஷன் வேலை அப்படியே நிற்கிறது, தயாரிப்பாளர் தினமும் தேதி கேட்கிறார். கோபம் வரத்தான் செய்யும். ஆனால் அவர் உன்னைத் தட்டிக்கழிக்கவில்லை. வட அமெரிக்காவில் பல பூர்வகுடிகளிடம் இந்தக் கட்டுப்பாடு உண்டு. நவஹோ மக்கள் கொயோட்டி என்கிற ஓநாய் மாதிரி விலங்கின் கதைகளைக் குளிர்காலத்தில் மட்டும்தான் சொல்வார்கள்.

நானே இதில் சொதப்பியவள்தான். உனக்கு நாலு வயதிருக்கும், உன் பாட்டி ராத்திரி ஒரு மணி நேரம் இழுக்கிற கதையைக் கேசட்டில் பிடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். சத்தம் தெளிவாக வர வேண்டுமே என்று உன்னை மூச்சு விடக்கூடாது என்று மிரட்டி வைத்தேன். ஐந்தே நிமிஷத்தில் கதை முடிந்துவிட்டது! ராஜா வந்தான், கிளி வந்தது, எல்லாம் இருந்தது, ஆனால் பஸ் டைம்டேபிள் வாசித்த மாதிரி. "ம் கொட்ட ஆள் இல்லாமல் யாருக்கடி சொல்வது" என்று கேட்டாள்.

சரி, "வெறும் கதைதானே, எதற்கு இவ்வளவு கெடுபிடி" என்றாராம் உன் தயாரிப்பாளர். அவருக்குக் கனடா வழக்கைச் சொல். கிட்க்சன், வெட்ஸுவெட்டென் என்கிற பூர்வகுடி மக்கள் தங்கள் நிலத்துக்காகப் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போனபோது அவர்கள் கையில் பத்திரம் எதுவும் கிடையாது, கிட்க்சன் மக்களிடம் இருந்ததெல்லாம் ஒவ்வொரு குலத்துக்கும் சொந்தமான 'அடாவக்' என்கிற வாய்மொழி வரலாறும் அதோடு சேர்ந்த பாட்டுகளும்தான். ஒரு மூதாட்டி சாட்சிக் கூண்டில் அந்தப் பாட்டைப் பாட வேண்டும் என்றபோது நீதிபதி, எனக்குத் தகரக் காது, என்னிடம் பாடிப் பயனில்லை என்றார். பாட்டுதான் அவர்களுக்குப் பட்டா என்பது அவருக்கு உறைக்கவில்லை. 1991இல் தீர்ப்பு அவர்களுக்கு எதிராகப் போனது. 1997இல் கனடா உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, எழுத்து ஆவணங்களுக்குச் சமமாக வாய்மொழி வரலாற்றையும் மதிக்க வேண்டும் என்று சொல்லி மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. பாட்டுக் கேட்காத காதுக்கு இத்தனை வருஷம்.

அப்புறம், அந்தப் பாட்டி ஒரே வரியைத் திரும்பத் திரும்பச் சொன்னால் எடிட்டிங்கில் வெட்டலாமா என்று கேட்டாய். இந்தோனேசியாவில் சிமலூ என்று ஒரு தீவு. 1907இல் அங்கே பெரிய சுனாமி வந்து ஏராளமானோர் செத்துப்போனார்கள். மிஞ்சியவர்கள் அதற்கு 'ஸ்மோங்' என்று பெயர் வைத்து, நிலம் ஆடிக் கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்பதைக் கதையிலும் தாலாட்டிலும் போட்டுப் பிள்ளைகளுக்குச் சலிக்கச் சலிக்கச் சொல்லி வந்தார்கள். 2004 டிசம்பர் 26 அன்று யாரோ "ஸ்மோங்" என்று கத்தியதும் ஊரே மலைக்கு ஓடியது. சுமார் 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர். அந்தச் சலிப்பை ஒரு புத்திசாலி எடிட்டர் நடுவில் புகுந்து வெட்டியிருந்தால்? ஆகவே கத்தரியைக் கீழே வை.

அதற்காக எதையுமே மாற்றக்கூடாது என்று சொல்லவில்லை. அலாஸ்காவின் இன்யூபியாட் மக்களோடு சேர்ந்து 2014இல் ஒரு வீடியோ கேம் செய்தார்கள், கதை சொல்கிற குரல் முழுக்க அவர்கள் மொழியில். மூலக் கதையில் நாயகன் ஒரு பையன். அதைச் சிறுமியாக்க நினைத்தவர்கள், கதைசொல்லி இறந்துபோயிருந்ததால் வயதான அவர் மகளைத் தேடிப்போய் அனுமதி வாங்கினார்கள். யாரிடம் கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்வதுதான் உன் வேலையில் பாதி. உன் பாட்டியம்மாவின் குரலைப் பதிவு செய்யும் முன் இதையும் கேள், அவர் காலத்துக்குப் பிறகு அந்தக் குரலை யார் கேட்கலாம் என்று. ஆஸ்திரேலியாவில் பல பூர்வகுடிகளுக்கு இறந்தவரின் குரலும் படமும் மனதைப் புண்படுத்தும், அதனால்தான் அங்கே டிவியில் முன்கூட்டியே எச்சரிக்கை போடுகிறார்கள்.

தயாரிப்பாளரிடம் தேதியைத் தள்ளி வைக்கச் சொல். பனி விழுந்ததும் போ, முதல் நாள் ரெக்கார்டர் வேண்டாம், அவர் சொல்லச் சொல்ல ம் கொட்டு, அவர்கள் பக்கத்தில் அதற்கு என்ன செய்வார்களோ அதைக் கேட்டுச் செய்.

அந்தக் கேசட்டை நேற்று ராத்திரி தேடி எடுத்துப் போட்டேன். நாலாவது நிமிஷத்தில் நீ தும்முகிறாய். பாட்டி சிரித்துவிட்டு, "கிளிக்கும் சளி பிடித்துவிட்டது" என்று கதையை வேறு எங்கோ திருப்புகிறாள். அதற்கு மேல் நான் உன்னை அதட்டுகிற சத்தம்.

அம்மா