'இன்றே சுவாதீனம் ஒப்படைத்தேன்' என்ற ஒரு வரி: பதிவுத்துறைத் தலைவருக்குத் திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவுத்துறைத் தலைவர் அவர்களுக்கு,

வணக்கம். "மேற்படி சொத்தை இன்றே தங்கள் வசம் சுவாதீனம் ஒப்படைத்துவிட்டேன்" என்ற வரி இல்லாத கிரயப் பத்திரம் தமிழ்நாட்டில் அரிது. சுவாதீனம் என்றால் சொத்து வாங்கியவர் கைவசம் வருவது. பத்திரம் பதிவாகும் அதே நேரத்தில் விற்றவர் வீட்டில் உலை கொதித்துக்கொண்டிருக்கும். "பிள்ளைக்குப் பரீட்சை முடியட்டும், இரண்டே மாதம்" என்பார். வாங்கியவரும் தலையாட்டுவார். அந்த இரண்டு மாதம் இரண்டு வருடமாகும்போது வழக்குக் கட்டு எங்களைப் போல் சிவில் வழக்கு நடத்துவோரின் மேசைக்கு வருகிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே: சுவாதீனம் கொடுக்காத கிரயத்தில் கொடுத்ததாக எழுதும் வழக்கத்தைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

சம்பிரதாய வரிதானே என்று தோன்றலாம். அது செய்யும் வேலையைப் பாருங்கள். சுவாதீனத்தை மீட்க ஸ்பெசிஃபிக் ரிலீஃப் சட்டத்தின் 6-ஆம் பிரிவு விரைவான வழி. ஆனால் அந்த வழி, தான் இருந்த இடத்திலிருந்து வெளியேற்றப்பட்டு, ஆறு மாதத்துக்குள் வருபவருக்கு மட்டும். வீட்டுக்குள் ஒரு நாளும் குடியேறாதவர், பத்திரத்தில் உள்ள வரியை நம்பி அந்தப் பிரிவில் வழக்குப் போட்டால் எதை வைத்து நிரூபிப்பார்? ஆகவே உரிமைமூலத்தை, அதாவது சொத்து தன்னுடையது என்பதற்கான ஆதாரத்தை வைத்துச் சுவாதீனம் கேட்டு முறையான வழக்குத்தான் போட வேண்டும். 1882-ஆம் ஆண்டு சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55(1)(எஃப்), வாங்கியவர் கேட்டதும் சுவாதீனம் தருவது விற்றவரின் கடமை என்கிறது. சட்டம் தெளிவு. கெடுப்பது அந்த வரி. விற்றவரின் வழக்கறிஞர் வாங்கியவரைச் செய்யும் குறுக்கு விசாரணை இப்படிப் போகும்:

"கிரயத்தன்றே சுவாதீனம் கிடைத்ததா?"

"இல்லை."

"அப்படியானால் பத்திரத்தில் எழுதியிருப்பது பொய்?"

பதில் வராது.

"அதே பத்திரத்தில் முழுத் தொகையும் கொடுத்ததாக இருக்கிறதே, அது மட்டும் உண்மையா?"

விற்றவரிடம் அடுத்த அம்பு தயாராக இருக்கும்: "இது கிரயமே அல்ல, வட்டிக்கு வாங்கிய கடனுக்கு ஈடாக எழுதிக் கொடுத்தது. விற்றிருந்தால் நான் ஏன் இன்னும் உள்ளே இருக்கிறேன்?" ஒரே வரியில் வாங்கியவர் பொய்யராகவும் கந்துவட்டிக்காரராகவும் ஆகிவிடுகிறார். பத்திரம் எழுதிக் கொடுத்ததை விற்றவர் ஒப்புக்கொண்டிருந்தால், உரிமையியல் நடைமுறைச் சட்டம் கட்டளை 12 விதி 6-இன்படி அந்த ஒப்புதலை வைத்தே தீர்ப்புக் கேட்கலாம். ஆனால் கடன் கதை கிளம்பிவிட்டால் அந்தக் குறுக்குவழியும் அடைபட்டுவிடும்.

ஐம்பது லட்ச ரூபாய் வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என நாலரை லட்சத்தை அரசு வாங்கிக்கொள்கிறது. பிறகு தன் வீட்டுக்குள் கால் வைக்க, சந்தை மதிப்பில் 3 சதவீதம் நீதிமன்றக் கட்டணம், இன்னொரு ஒன்றரை லட்சம். டிக்ரி (தீர்ப்பாணை) கிடைத்தபின், அதைச் செயல்படுத்தக் கேட்டு நிறைவேற்று மனு. நீதிமன்ற ஊழியரான அமீனா போய்க் கதவைத் தட்டினால் திறப்பவர் விற்றவரின் மைத்துனர். "நான் தனி வாடகைதாரர்" என்பார். அந்தத் தடையை நீக்கக் கேட்டு, அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21 விதி 97-இல் ஒரு மனு. நிறைவேற்று மனுக்களை ஆறு மாதத்துக்குள் முடிக்க 2021-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. நாங்களும் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம். இடையில் பொறுமையிழந்து பூட்டை உடைத்தாலோ மின் இணைப்பைத் துண்டித்தாலோ, வாங்கியவர் மீதே புகார் பதிவாகும். உள்ளே இருப்பவர் தடையுத்தரவும் வாங்கிவிடுவார்.

2023 அக்டோபர் முதல் சொத்தின் புகைப்படத்தைப் புவியிடக் குறிப்போடு பத்திரத்தில் இணைக்கச் சொல்கிறீர்கள். நல்லதுதான். மாடிக் கொடியில் விற்றவர் வீட்டு வேட்டியும் பாவாடையும் காய்வது படத்தில் தெளிவாகத் தெரியும். கீழே "காலி சுவாதீனம் ஒப்படைக்கப்பட்டது". இரண்டுக்கும் ஒரே முத்திரை.

சற்றுக் கடுமையாகச் சொல்லியிருந்தால் பொறுத்தருள்க. சார்பதிவாளர் விசாரணை நடத்த வேண்டும் என்று கேட்கவில்லை. பத்திரம் எழுதிக் கொடுத்ததை விற்றவர் அவர் முன் ஒப்புக்கொள்ளும்போது "சாவி கைமாறியதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும். துறையின் மாதிரிப் பத்திரத்தில் சுவாதீனப் பத்தியை இரண்டு விதமாகத் தாருங்கள். ஒன்று, இன்றே ஒப்படைத்தவர்களுக்கு. மற்றது, இன்னும் உள்ளே இருப்பவர்களுக்கு: காலி செய்யும் தேதி, அதுவரை வாங்கியவரின் அனுமதியின்பேரில் மட்டும் இருக்கிறார், வாடகைதாரர் அல்ல என்ற வாசகம், சாவி தரும்வரை நிறுத்திவைத்த கிரயத்தொகை எவ்வளவு, தேதி தாண்டினால் நாளொன்றுக்கு எவ்வளவு இழப்பீடு. அந்த இழப்பீடு வட்டார வாடகையை ஒட்டி இருக்கட்டும். மிரட்டுவதற்காகப் பெரிய தொகை எழுதினால் ஒப்பந்தச் சட்டம் 74-ஆம் பிரிவின்படி நீதிமன்றம் குறைத்துவிடும்.

சுவாதீனம் தராத கிரயத்தில் தந்ததாக எழுத வேண்டாம் என்று எல்லாச் சார்பதிவாளர்களுக்கும் ஆவண எழுத்தர்களுக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்புமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
சுவாதீன வழக்குகள் நடத்துவோர்