சினை ஆடுகளைக் காக்கக் கற்றுத் தந்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பட்டியில் முதன்முறையாகக் குட்டிகள் பிறந்திருக்கின்றன. தாய் ஆடுகளும் குட்டிகளும் நலமாக இருக்கும் இந்த வேளையில், கிடாவோடு சேர்த்த நாள் தொட்டு நஞ்சுக்கொடி விழுந்த நேரம் வரை துணை நின்ற ஒவ்வொருவருக்கும் என் நன்றியை எழுத்தில் வைக்க விரும்புகிறேன். பெயர் போட வேண்டாம் என்று நீங்கள் அனைவருமே கேட்டுக்கொண்டதால் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன். ஆனால், நீங்கள் சொல்லித் தந்தவற்றைத் தவிர்க்கவில்லை. புதிதாக ஆடு வளர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு அவை போய்ச் சேர வேண்டும் என்பதற்காகவே இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

அம்மா, முதல் நன்றி உங்களுக்கு. வாழ்நாளெல்லாம் ஆடுகளோடு இருந்த உங்களிடம் இந்த ஆடு சினையா என்று நான் கேட்கும்போதெல்லாம் நீங்கள் அதன் வயிற்றைப் பார்த்ததே இல்லை, "என்றைக்குக் கிடாவிடம் விட்டாய்?" என்றுதான் கேட்டீர்கள். எங்கள் குறிப்பேட்டின் முதல் வரியே அந்தக் கேள்விக்கான விடைதான். பருவத்துக்கு வந்த பெட்டை ஆடு ஓயாமல் வாலை ஆட்டும், காரணமின்றிக் கத்தும், பிற ஆடுகள் மேல் தாவும், அதன் பிறப்புறுப்பு சற்றே வீங்கிச் சிவந்து வழவழப்பான திரவம் கசியும் என்பதையும், இந்த நிலை பெரும்பாலும் ஒன்று முதல் ஒன்றரை நாள் வரைதான் நீடிக்கும் என்பதையும் நேரில் காட்டிப் புரிய வைத்தீர்கள். இணை சேர்ந்த ஆடு ஏறத்தாழ 21 நாள் கழித்து மறுபடியும் பருவத்துக்கு வருகிறதா என்று 18ஆம் நாளிலிருந்தே காலையும் மாலையும் கவனிக்க வைத்தீர்கள். வராவிட்டால் சினை பிடித்திருக்கலாம் என்று மட்டும் எழுதிக்கொள்ளச் சொன்னீர்கள். சில இனங்களில் பகற்பொழுது நீளும் காலத்தில் பருவம் வருவதே நின்றுவிடும். நோயுற்ற ஆடும் மெலிந்த ஆடும் பருவத்துக்கு வராமல் போகலாம். இவற்றையெல்லாம் சினை என்று எடுத்துக்கொண்டால், ஐந்து மாதம் வீணாகக் காத்திருக்க நேரும்.

வெள்ளாட்டின் சினைக்காலம் சராசரியாக 150 நாள். 145 முதல் 155 நாள் வரை முன்பின் ஆகலாம். ஜனவரி 1 அன்று இணை சேர்ந்தால் மே 31 வாக்கில் ஈற்றை எதிர்பார்க்கலாம் என்று கணக்குப் போடவும், இரண்டு மூன்று குட்டிகளைச் சுமக்கும் ஆடு சற்று முன்னதாகவே ஈனக்கூடும் என்பதால் ஒரு வாரம் முன்பே ஆயத்தமாக இருக்கவும் உங்களிடம்தான் கற்றேன். தேதி தெரியாமல் போகக்கூடாது என்பதற்காகக் கிடாவின் நெஞ்சில் சாயக்குழைவைப் பூசி, எந்த ஆட்டின் முதுகில் சாயம் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துக் குறித்து வைக்கும் முறையையும் நீங்களே சொன்னீர்கள். எனக்குக் கிடைத்த அறிவுரைகளில் மிகுந்த பலன் தந்தது இதுதான் என்பேன். தீவனம், தடுப்பூசி, பால் வற்றவைத்தல் என்று பின்னால் வரும் எல்லாமே அந்த ஒரு தேதியிலிருந்து எண்ணப்படுபவை.

இடப்பக்க வயிறு புடைத்திருப்பதைக் கண்டு ஏமாறக்கூடாது, அங்கே இருப்பது அசையூண் வயிறு, மேய்ந்து வந்த எந்த ஆட்டுக்கும் அந்தப் பக்கம் பெருக்கத்தான் செய்யும் என்று நீங்கள் சொன்னதும் நினைவிருக்கிறது. மூன்றரை மாதம் கடந்த பிறகு, ஆடு அசைபோட்டபடி அமைதியாக நிற்கும்போது, வலப்பக்க அடிவயிற்றில் மடிக்குச் சற்று முன்னால் என் உள்ளங்கையைப் பரப்பி வைத்து, அழுத்தாமல் காத்திருக்கச் சொன்னீர்கள். வெகுநேரம் மூச்சின் ஏற்ற இறக்கம் மட்டுமே தெரிந்தது. பிறகு, உள்ளிருந்து கடினமான ஏதோ ஒன்று கையை முட்டிவிட்டு நழுவிப் போனது. நீங்கள் ஒன்றும் பேசாமல் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தீர்கள்.

மருத்துவர் ஐயா, ஸ்கேன் எடுத்தே தீர வேண்டும் என்று நீங்கள் வற்புறுத்தியதற்கு நன்றி. எங்கள் மூன்று ஆடுகளுமே பருவத்துக்குத் திரும்பவில்லை. மூன்றுமே சினை என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். இணை சேர்ந்து ஆறு வாரம் கடந்த பிறகு வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்தால் சினை தெளிவாகத் தெரியும், குட்டிகளை எண்ணவும் அதுவே ஏற்ற காலம் என்று கூறி, மடிக்கு அருகே முடியில்லாத இடத்தில் கருவியை வைத்துத் திரையைக் காட்டினீர்கள். செவலை ஆட்டுக்கு மூன்று குட்டிகள், தலையீற்றுக்காரியான கருப்பிக்கு ஒன்று. மூன்றாவது ஆட்டின் கருப்பையில் கருமையாகத் தெரிந்த நீரைத் தவிர எதுவும் இல்லை. பொய்ச்சினை என்பது இதுதான் என்றும், தானாக நீர் வெளியேறும் வரை காத்திருந்தால் பல மாதம் வீணாகலாம் என்றும் விளக்கி, புரோஸ்டாகிளாண்டின் ஊசி போட்டீர்கள். ஆட்டின் சினையைக் கடைசி நாள் வரை காப்பது சூலகத்தில் உள்ள கார்பஸ் லூட்டியம் என்ற திசு என்பதால், அதை அழிக்கும் இதே ஊசியை உண்மையான சினை ஆட்டுக்குப் போட்டால் எந்த மாதத்திலும் கரு கலைந்துவிடும் என்று நீங்கள் எச்சரித்தது மிக முக்கியமானது. உறுதி செய்யாமல் ஊசி போடக் கேட்கும் யாருக்கும் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

குட்டிகளின் எண்ணிக்கை முன்பே தெரிந்ததால்தான் தீவனத்தை ஆட்டுக்கு ஆடு மாற்றித் தர முடிந்தது. இதில் வழிகாட்டிய அண்ணனுக்கு என் நன்றி. முதல் மூன்று மாதம் சினை ஆட்டுக்குக் கூடுதல் தீவனம் கொட்ட வேண்டியதில்லை, உடல் தளராமலும் கொழுக்காமலும் இருந்தால் போதும் என்று சொல்லி, முதுகெலும்பையும் விலாவையும் விரலால் தடவி உடல் நிலையை மதிப்பிடப் பழக்கினீர்கள். குட்டியின் எடையில் பெரும்பகுதி கடைசி ஆறேழு வாரத்தில்தான் கூடுகிறது. அதே சமயம் குட்டிகள் இடத்தை அடைத்துக்கொள்வதால் ஆட்டால் முன்போல வயிறு நிறையத் தின்னவும் முடிவதில்லை. ஆகவே நல்ல தரமான தீவனத்தைச் சிறுசிறு வேளைகளாகத் தர வேண்டும், அடர்தீவனத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். கறந்துகொண்டிருந்த செவலையை ஈற்றுக்கு இரண்டு மாதம் முன்பே பால் வற்றவைத்ததும் உங்கள் யோசனைதான்.

கால்நடை மருத்துவம் படிக்கும் தம்பிக்கு நான் தனியாகக் கடன்பட்டிருக்கிறேன். ஈற்றுக்குச் சில வாரம் இருக்கையில் ஒரு காலை, செவலை அடர்தீவனத்தை முகர்ந்துவிட்டு விலகி நின்றது. உலர்தீவனத்தை மட்டும் கொறித்தது. பார்ப்பவர்களுக்கு அது சாதாரண மந்தம்தான். நீங்கள் அதன் மூச்சை முகர்ந்தீர்கள். இனிப்பு கலந்த ஒரு வாடை அடித்தது. படுத்திருக்கும் ஆட்டை எழுப்பினால் உடனே சிறுநீர் கழிக்கும் என்று சொல்லிக் கிண்ணத்தில் பிடித்து, சோதனைப் பட்டையை நனைத்ததும் அது ஊதா நிறமாக மாறியது. உடலுக்குத் தேவையான ஆற்றல் தீவனத்திலிருந்து கிடைக்காதபோது ஆடு தன் கொழுப்பையே கரைக்கிறது, அப்போது உண்டாகிச் சேரும், பட்டையை ஊதாவாக்கிய கீட்டோன்கள் என்ற பொருள்கள் நஞ்சாகின்றன, பல குட்டிகளைச் சுமக்கும் ஆடுகளுக்கும், மிகக் கொழுத்த அல்லது மிக மெலிந்த ஆடுகளுக்கும் இந்தச் சினை நச்சேற்றம் வரும் என்று விளக்கியபடியே மருத்துவரை அழைத்தீர்கள். அவர் சொன்ன அளவில், உடலுக்கு ஆற்றல் தரும் திரவ மருந்தான புரோப்பிலீன் கிளைக்காலை, ஆட்டின் தலையை மிகவும் உயர்த்தாமல், மூச்சுக்குழாயில் போய்விடாதபடி மெதுவாகப் புகட்டினீர்கள். எழ முடியாமல் படுத்துவிட்ட பிறகு இந்த நோயிலிருந்து ஆட்டை மீட்பது மிகக் கடினம் என்று பின்னர் மருத்துவர் சொன்னபோதுதான், அந்தக் காலை நீங்கள் காட்டிய விரைவின் அருமை எனக்கு முழுமையாகப் புரிந்தது.

தடுப்பூசியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆட்டின் நஞ்சுக்கொடி வழியாக எதிர்ப்பு சக்தி குட்டிக்குப் போவதில்லை, சீம்பால் வழியாகத்தான் போகிறது. அதனால்தான் துள்ளுமாரி என்ற குடல் நச்சு நோய்க்கும் டெட்டனஸுக்கும் உரிய ஊசியை ஈற்றுக்கு நான்கு வாரம் முன்பு தாய்க்குப் போட்டோம். குடற்புழு நீக்க மருந்துகளில் அல்பெண்டசோல் சினையின் தொடக்கக் காலத்தில் கருவைப் பாதிக்கக்கூடியது என்பதால், எந்த மருந்து என்பதை ஒவ்வொரு முறையும் மருத்துவரிடம் கேட்டே கொடுத்தோம்.

கருப்பி ஈன்ற இரவுக்கு வருகிறேன். வாலடியின் இருபுறமும் பென்சில் கனத்தில் தட்டுப்படும் நாண்கள் தளர்ந்து விரலுக்கு அகப்படாமல் போனால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும் என்று அம்மா கற்றுத் தந்திருந்தபடி, அன்று மாலையே அதைத் தனிக்கொட்டிலில் விட்டிருந்தோம். மடி இறுகிப் பளபளத்தது. ஆடு தரையைக் காலால் பறித்துப் பறித்துப் படுத்து எழுந்தது. முக்கத் தொடங்கியும் அரை மணி நேரமாகக் குட்டி வரவில்லை என்றால் காத்திருக்கக்கூடாது என்ற விதியைச் சுவரிலேயே எழுதி வைத்திருந்தோம். மூக்கும் ஒரே ஒரு குளம்பும்தான் வெளியே தெரிந்தன. இரு முன்னங்கால்களும் அவற்றின் மேல் மூக்கும் சேர்ந்து வருவதே இயல்பான நிலை. மருத்துவர் ஐயா, நள்ளிரவு என்றும் பாராமல் வந்தீர்கள். கையுறையில் வழவழப்புக் களிம்பைத் தடவி, முக்கல் ஓய்ந்த இடைவேளையில் குட்டியின் தலையைச் சற்றே உள்ளே தள்ளி, மடங்கியிருந்த காலின் குளம்பைக் கருப்பைச் சுவரில் கீறாதபடி உள்ளங்கையில் பொத்தி முன்னே கொண்டுவந்தீர்கள். அதன் பிறகு அடுத்தடுத்த முக்கல்களில் குட்டி வெளியே வந்துவிட்டது. மூக்கைத் துடைத்து, தொப்புளை அயோடினில் நனைத்து, தாயை நக்கவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்க வைத்தோம். நஞ்சுக்கொடியை இழுக்கக்கூடாது, 12 மணி நேரம் கடந்தும் விழாவிட்டால் மட்டும் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனீர்கள். விடியும் முன்பே விழுந்துவிட்டது.

கருவுற்றிருந்த என் தங்கை அன்று உதவிக்கு ஓடி வந்தபோது, பட்டிக்குள் வர வேண்டாம் என்று நீங்கள் கனிவாகத் தடுத்ததற்கும் நன்றி. ஆடுகளில் கருச்சிதைவை உண்டாக்கும் சில கிருமிகள் மனிதரையும், குறிப்பாகக் கருவுற்ற பெண்களையும் தாக்கும், நலமாகத் தோன்றும் ஆட்டின் ஈற்றுக் கழிவிலும் அவை இருக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. தங்கையின் சார்பில் இந்த நன்றியைத் தனியாகச் சொல்கிறேன்.

செவலையின் மூன்று குட்டிகளில் இளைத்திருந்த கடைக்குட்டிக்கு, முதல் நாள் முழுவதும் வேளை தவறாமல் சீம்பால் புகட்டிய பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் என் அன்பு. உடல் எடையில் பத்தில் ஒரு பங்கு சீம்பால் முதல் 24 மணி நேரத்துக்குள் வயிற்றுக்குப் போக வேண்டும் என்று சொன்னதும், அளவுக் குப்பியோடு உட்கார்ந்து கணக்கு எழுதியவர்கள் அவர்கள். இன்று அந்தக் குட்டி மற்ற இரண்டையும் முட்டித் தள்ளிவிட்டுப் பால் குடிக்கிறது.

அம்மா, கிடாக்குட்டிகள் நான்கு மாதத்திலேயே பெட்டைகளைச் சினைப்படுத்திவிடும், ஆகவே மூன்றாம் மாதம் முடியும்போதே பிரித்துவிடு என்று நீங்கள் நேற்றுச் சொன்னதையும் தேதியோடு குறிப்பேட்டில் எழுதிவிட்டேன். அதன் நகல் வேண்டும் என்று கேட்கும் எவருக்கும் மகிழ்ச்சியோடு தருவேன்.

மிகுந்த நன்றியுடன்,
உங்கள் உதவியால் முதல் ஈற்றைக் கண்ட ஓர் ஆடு வளர்ப்பாளர்