கேசட்டை எடைக்குப் போட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

போகி வருகிறது. பல வீடுகளில் பரண் ஒழிக்க ஆரம்பித்திருப்பார்கள். அங்கே பழைய வீடியோ கேசட்டுகள் கிடந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளவே இந்தக் கடிதம்.

எண்பதுகளில் எங்கள் பெரம்பூர் வீட்டில் மாமா துபாயிலிருந்து கொண்டுவந்த வி.சி.ஆர். (டி.வி. நிகழ்ச்சியை கேசட்டில் பதியும் கருவி) இருந்தது. வெள்ளிக்கிழமை தூர்தர்ஷனில் சினிமா பாட்டு நிகழ்ச்சியான ‘ஒளியும் ஒலியும்’ தொடங்குவதற்குள் அப்பா அதன் முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுவார். ரெக்கார்ட், ப்ளே இரண்டையும் சேர்த்து அழுத்திவிட்டு, விளம்பரம் வந்தால் நிறுத்துவதற்காக பாஸ் பட்டன் மேலேயே விரலை வைத்திருப்பார். முடியும்வரை வீட்டில் யாரும் பேச மாட்டோம். நடுவில் கரண்ட் போனால் போனதுதான், அந்தப் பாட்டை மறுபடி எப்போது போடுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. இன்று நினைத்த நேரத்தில் போனில் பாட்டு வருகிறது, சரி. ஆனால் அன்றைய அறிவிப்பாளர் முகமும், பாட்டுக்கு நடுவே தப்பி வந்துவிட்ட சோப்பு விளம்பரமும் அந்த கேசட்டில்தானே இருக்கின்றன?

அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியாவைச் சேர்ந்த மேரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி, 1970களின் இறுதியிலிருந்து 2012இல் இறக்கும்வரை டி.வி. செய்திகளை இரவு பகலாகப் பதிந்துவைத்தார். சுமார் 70,000 கேசட்டுகள். பழைய பதிவுகளை இணையத்தில் சேமித்துவைக்கும் இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற அமைப்பு அவற்றை நன்கொடையாகப் பெற்றுப் பாதுகாக்கிறது. நம் ஊரில் பழைய புத்தகங்களையும் சினிமா பாட்டுப் புத்தகங்களையும் காப்பாற்றிவரும் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்கள், மக்கள் வீட்டில் பதிந்த கேசட்டுகளையும் கேட்டு வாங்க வேண்டும். அரசு அதற்குப் பணம் ஒதுக்க வேண்டும். நாள் கடத்த முடியாது. வி.சி.ஆர். தயாரித்துவந்த கடைசி நிறுவனமான ஜப்பானின் ஃபுனாய் 2016இலேயே நிறுத்திவிட்டது. சென்னைக் காற்றின் ஈரத்தில் டேப்பில் பூஞ்சை பிடிக்கிறது. ஜன்னல் போன்ற பகுதி வழியாகப் பார்த்தால் வெள்ளையாகத் தெரியும். அப்படி இருந்தால் தயவுசெய்து ஓட்டிப் பார்க்காதீர்கள், டேப்பும் கெடும், வி.சி.ஆரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டும் கெடும். விஷயம் தெரிந்தவரிடம் கொடுத்துச் சுத்தம் செய்த பிறகே ஓட்ட வேண்டும்.

அழியக் கூடாத கேசட் என்றால் அதன் முதுகில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை அப்பா ஸ்க்ரூடிரைவரால் நெம்பி உடைத்துவிடுவார். அப்புறம் அதில் எதுவும் பதியாது. அக்கா பள்ளித் தோழிகளோடு டி.வி.யில் பாடியதைப் பதிந்த கேசட்டில் மட்டும் அதை உடைக்க மறந்துவிட்டார். 1987 அக்டோபர் 9, சேப்பாக்கத்தில் இந்தியா - ஆஸ்திரேலியா உலகக் கோப்பை ஆட்டம். கடைசி ஓவர்களைப் பதியும் அவசரத்தில் நான் கைக்குக் கிடைத்த கேசட்டைப் போட்டேன். அது அக்காவின் கேசட். ஒரு ரன்னில் தோற்றோம். அன்று ராத்திரி அக்கா சாப்பிடவே இல்லை. என்னைத் திட்டவும் இல்லை.

போன மாதம் அந்த கேசட்டைச் சுத்தம் செய்து பென்டிரைவில் ஏற்றி வாங்கினேன். நம் கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங் போல்டு ஆகிறார். படம் கோடு கோடாகக் கலைகிறது. அப்புறம் இரட்டைப் பின்னலோடு அக்கா, பாட்டின் கடைசி இரண்டு வரி. மொத்தம் பதினோரு விநாடி. மதுரையில் இருக்கும் அக்காவுக்கு அன்றே அனுப்பிவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பெரம்பூர், சென்னை.