வேட்டைக்காரனை யார் அழைத்தது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பிரெஞ்சு நாட்டுப்புறக் கதைகளின் அமைப்பைப் பற்றிச் சென்ற இதழில் தாங்கள் வெளியிட்ட கட்டுரை, அக்கதைகள் அனைத்தும் ஐந்தே படிகளில் நடந்து நன்மையின் வெற்றியில் முடிவதாகச் சொல்கிறது. அதற்குச் சான்றாகச் சிவப்புத் தொப்பிச் சிறுமியையும், ஓநாயின் வயிற்றைக் கிழித்து அவளை உயிரோடு மீட்கும் வேட்டைக்காரனையும் கொண்டுவந்து நிறுத்துகிறது. அந்த வேட்டைக்காரன் ஜெர்மனிக்காரன் என்பது தங்களுக்குத் தெரியாததன்று. பிரெஞ்சு எழுத்தாளர் ஷார்ல் பெரோ 1697-இல் அச்சிட்ட கதையில் ஓநாய் பாட்டியைத் தின்கிறது, பிறகு பேத்தியைத் தின்கிறது, அத்தோடு கதை முடிந்துவிடுகிறது. அதன்பின் இருப்பது, இளம்பெண்கள் இனிக்கப் பேசும் அந்நியரை நம்பலாகாது என்று எச்சரிக்கும் ஒரு செய்யுள் மட்டுமே. வேட்டைக்காரன் வந்து சேர்ந்தது 1812-இல், கிரிம் சகோதரர்களின் தொகுப்பில். ஒரு நூற்றாண்டுக்கும் மேல் தாமதமாக வந்தவருக்குத் தங்கள் கட்டுரையாளர் பிரெஞ்சுக் குடியுரிமையே வழங்கிவிட்டார்.

அந்த ஐந்து படிகளின் வரலாறும் தாங்கள் அறிந்ததே. ரஷ்ய நாட்டுப்புறவியல் அறிஞர் விளாதிமிர் பிராப் 1928-இல், ரஷ்ய மாயக் கதைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, கதையை நகர்த்தும் 31 செயல்களை வகுத்தார். அதைச் சுருக்கி 1974-இல் பிரெஞ்சு ஆய்வாளர் போல் லாரிவாய் ஐந்து கட்டங்களாக்கினார். பிரெஞ்சுப் பள்ளிகளுக்கு அது வசதியாக இருந்தது. தொடக்க நிலை, குலைக்கும் நிகழ்வு, அடுத்தடுத்த நிகழ்வுகள், தீர்வு, இறுதி நிலை என்று கட்டம் போட்டு மாணவரை நிரப்பச் சொல்கிறார்கள். வகுப்பறைக்காகச் செய்த அளவுகோலைக் கதைகளின் பிறவிக்குணம் என்று எழுதினால், செருப்புக்குத் தக்கபடி காலைச் செதுக்கும் வேலை தொடங்கிவிடுகிறது.

இதை ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. புதுச்சேரியில் பல்லாண்டுகள் பிரெஞ்சு கற்பித்தவன் நான். ஒரு தேர்வில் பெரோவின் இந்தக் கதையையே கொடுத்து ஐந்து கட்டங்களையும் நிரப்பச் சொல்லியிருந்தார்கள். நான்காம் கட்டத்தில் ஒரு சிறு கோடு போட்டுவிட்டு, ஐந்தாவதில் 'சிறுமி இறந்துவிட்டாள்' என்று எழுதிய ஒரு மாணவிக்கு அந்த இரண்டு கட்டங்களிலும் சுழியம் விழுந்தது. வேட்டைக்காரனை வரவழைத்தவர்கள் முழு மதிப்பெண் பெற்றார்கள். கொடுத்த கதையைப் படித்தவள் அவள் ஒருத்திதான் என்று நான் வாதிட்டபோது, விடைக்குறிப்பில் அப்படி இல்லை என்ற பதிலே கிடைத்தது. தங்கள் இதழில் அதே விடைக்குறிப்பை மீண்டும் கண்டேன்.

பெரோ அரசவைக்காரர், அவர் கிராமத்துக் கதையைச் சீவிச் சிங்காரித்துவிட்டார் என்று கட்டுரையாளர் சொல்லக்கூடும். சரி, கிராமத்துக்கே போவோம். நடுப் பிரான்ஸின் நியேவ்ர் பகுதியில் 1885 வாக்கில் அஷீல் மிலியேன் திரட்டிய கதையில் தொப்பியும் இல்லை, வேட்டைக்காரனும் இல்லை. ஊசி வழியில் போகிறாயா, குண்டூசி வழியில் போகிறாயா என்று ஓநாய்மனிதன் சிறுமியைக் கேட்கிறான். பாட்டி வீட்டில் அவன் விளம்பியதை அவள் தின்கிறாள், குடிக்கிறாள். அது பாட்டியின் சதையும் இரத்தமும். பிறகு ஆடைகளைக் களையச் சொல்கிறான். மேலங்கியை எங்கே வைக்க என்று அவள் கேட்க, நெருப்பில் போடு, இனி அது உனக்குத் தேவையில்லை என்கிறான். கச்சு, பாவாடை, காலுறை என ஒவ்வொன்றுக்கும் அதே கேள்வி, அதே பதில். படுக்கையில், உடம்பெல்லாம் ஏன் இத்தனை முடி என்று அடுத்த கேள்விச் சரம் தொடங்குகிறது. கடைசியில், வெளியே போக வேண்டும் என்கிறாள் அவள். அவள் காலில் அவன் கட்டிவிட்ட கம்பளி நூலை அவிழ்த்து, முற்றத்துப் பிளம் மரத்தில் கட்டிவிட்டு, வீட்டுக்கு ஓடிவிடுகிறாள். பரிசு, திருமணம், தண்டனை, ஒன்றுமே இல்லை.

இக்கதையை நடத்துவது அந்தக் கேள்வி-பதில் அடுக்குதான். கேட்பவரின் பயத்தைப் பார்த்துச் சொல்பவர் ஓர் ஆடையைக் கூட்டலாம், ஒன்றைக் குறைக்கலாம். பெரோவின் 'நீலத்தாடி' கதையில், கணவன் கையால் சாகப்போகும் மனைவி கோபுரத்தின் மேலிருக்கும் ஆன் அக்காவிடம், யாராவது வருகிறார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்பதும் இதே நுட்பம். ஐந்து கட்ட அட்டவணை இவை யாவற்றையும் மூன்றாம் கட்டத்தில் 'நிகழ்வுகள்' என்று கொட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறது. நன்மையின் வெற்றிக்கோ, காலணி அணிந்த பூனை ஒன்றே போதும்: வயலில் அறுப்பவர்களைக் கொத்துக்கறியாக்கிவிடுவேன் என்று மிரட்டி, நிலம் தன் எசமானனுடையது என்று பொய் சொல்ல வைத்து, அரக்கனை ஏமாற்றித் தின்று, அவன் கோட்டையைத் தன் எசமானனுக்குச் சேர்க்கிறது. கட்டைவிரல் சிறுவன் கதைக்குப் பெரோவே இரண்டு முடிவுகளைத் தருகிறார். அரக்கனின் செல்வத்தைச் சிறுவன் அபகரித்தான் என்று சொல்லிவிட்டு, அதைச் சிலர் ஏற்பதில்லை என்று மற்றொன்றையும் எழுதுகிறார். இதில் எது ஐந்தாம் கட்டம் என்று கட்டுரையாளர் அருள்கூர்ந்து தெரிவிக்கட்டும்.

இது முதல் தடவையாக இருந்தால் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் தங்கள் சிறுவர் இணைப்பில் உறங்கும் அழகியின் கதை வந்தபோது, அரசகுமாரன் வந்ததுமே அதை முடித்துவிட்டீர்கள். பேரப்பிள்ளைகளைச் சமைத்துத் தரும்படி கேட்கும் அரக்கி மாமியார் வரும் பின்பாதி, பெரோவின் கதையில் ஏறத்தாழச் சரிபாதி. அதைச் சுட்டிக்காட்டி நீண்ட கடிதம் எழுதினேன். தாங்கள் அதன் முதல் வரியை மட்டும் அச்சிட்டிருந்தீர்கள்: 'சிறுவர் இணைப்பு கண்ணைக் கவர்ந்தது.' குறைசொன்னவனைப் பாராட்டியவனாக்கிய தங்கள் கத்தரிக்கோலின் திறமையை அன்றே வியந்தேன். அடுத்து வந்த பிரெஞ்சுக் கதை எதிலும், எந்தப் பகுதியில் சொல்லப்பட்டது, யார் திரட்டியது என்ற குறிப்பு இருந்ததே இல்லை. போல் தெலாருவும் மரி-லூயிஸ் தெனேசும் பிரெஞ்சு நாட்டுப்புறக் கதைகளை வகைவாரியாகப் பட்டியலிட்ட பெரும் தொகுதியின் முதல் பகுதி வெளிவந்தது 1957-இல். அதைப் புரட்டிப் பார்க்க இன்னும் நேரம் வாய்க்கவில்லை போலும்.

தங்களைச் சிரமப்படுத்தும் எண்ணம் இல்லை. வேட்டைக்காரன் கிரிம் தொகுப்புக்கு உரியவன் என்று அடுத்த இதழில் ஒரு வரித் திருத்தம் போடுங்கள். இனி வரும் கதைகளின் அடியில் ஊரையும் திரட்டியவர் பெயரையும் சேருங்கள். இக்கடிதத்தைச் சுருக்க நேர்ந்தால், முதல் வரியை எடுத்துவிட்டு மற்றதை வெளியிட்டாலும் எனக்கு மறுப்பில்லை.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
புதுச்சேரி