பிரெஞ்சு டிஃபன்ஸ் பதுங்கும் ஆட்டமா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குகேஷ் உலகச் சதுரங்கப் பட்டம் வென்ற தொடரைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையை வாசித்தேன். 2024 நவம்பர் 25 அன்று சிங்கப்பூரில் நடந்த முதல் ஆட்டத்தில் அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரென் பதுங்கி ஆடி, எதிராளியின் பிழைக்காகக் காத்திருந்து வென்றதாகக் கட்டுரையாளர் ஒரே வரியில் முடித்துவிட்டார். டிங் கறுப்புக் காய்களுடன் ஆடிய ஓபனிங்கின், அதாவது தொடக்க ஆட்டமுறையின், 'பிரெஞ்சு டிஃபன்ஸ்' (பிரெஞ்சுத் தற்காப்பு) என்ற பெயரே கட்டுரையாளரை அப்படி எண்ண வைத்தது போலும்.

வெள்ளைக் காய்களுடன் குகேஷ் சிப்பாயை நகர்த்தி இ4 ஆட, டிங் இ6 ஆடினார் (எழுத்தும் எண்ணும் பலகையில் காய் போய் நிற்கும் கட்டத்தின் பெயர்). அடுத்து டி4, டி5. பிறகு இரு பக்கமும் ஒவ்வொரு குதிரை வெளிவந்ததும், குகேஷ் இ5 என்று சிப்பாயைத் தள்ளிக் கறுப்புக் குதிரையை டி7 கட்டத்துக்குத் துரத்தினார். இதுவரை பார்ப்பவருக்குக் கறுப்பு பின்வாங்குவதாகவே தோன்றும். ஆனால், எஃப்4 வந்த கையோடு டிங் சி5 ஆடி, முன்னேறிய சிப்பாயைத் தாங்கி நிற்கும் டி4 சிப்பாயின் மீது கைவைத்தார். இந்த ஓபனிங்கின் உயிரே அங்குதான் இருக்கிறது. 42 நகர்த்தல்களில் கறுப்பு வென்றது. 13-ஆவது ஆட்டத்திலும் குகேஷின் இ4-க்கு டிங் இதையே ஆடினார். அது டிரா ஆனது.

இதில் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். இ6 சிப்பாய்க்குப் பின்னால் சி8 மந்திரி நெடுநேரம் அடைபட்டுக் கிடக்கும். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலையில் ஆட வரும் பிள்ளைகளின் பலகையில் அந்தக் கறுப்பு மந்திரி தொலைந்துபோய், இப்போது சோடா மூடிதான் அங்கே நிற்கிறது. "இந்த ஆட்டத்துக்கு மூடியே போதும் தாத்தா" என்றாள் ஒரு சிறுமி. பிரெஞ்சுக்காரர்கள் நம் ஊருக்குக் கொண்டுவந்த ஆட்டமா இது என்றும் கேட்டாள். 1834-இல் லண்டன், பாரிஸ் சதுரங்கக் கழகங்கள் தபால் வழியே ஆடத் தொடங்கிய போட்டியில் பாரிஸ்காரர்கள் இதை ஆடி வென்றதால் வந்த பெயர் என்று விளக்கினேன். அவளுக்குச் சற்று ஏமாற்றந்தான்.

இனி இத்தகைய கட்டுரைகளோடு ஓபனிங்கின் பெயரையும் ஆட்டத்தின் முழு நகர்த்தல்களையும் வெளியிட வேண்டுகிறேன். 42 நகர்த்தல்களைப் பொடி எழுத்தில் அச்சிட்டால் ஒரு சிறு கட்டத்துக்குள் அடங்கிவிடும். பிள்ளைகள் அதைப் பலகையில் வைத்து ஆடிப் பார்த்துக்கொள்வார்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.