டெண்டர் ஆவணம் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அரசுக் கட்டுமானப் பணிகளுக்கு மதிப்பீடு போட்டு, டெண்டர் கோரி, பில் பாஸ் செய்யும் துறைப் பொறியாளர்களுக்கும் கணக்கு அதிகாரிகளுக்கும்,

வணக்கம்.

சாரத்திலிருந்து ஒரு தொழிலாளி விழுந்து இறந்தால் ஒப்பந்ததாரர் மேல் வழக்கு வரும், மேஸ்திரியைப் பிடிப்பார்கள், துறையிலிருந்து விளக்கம் கேட்டு ஒரு நோட்டீஸ் போகும். ஒப்பந்ததாரருக்கு வக்காலத்து வாங்க நான் இதை எழுதவில்லை. அவர் எந்த இடத்தில் மிச்சம் பிடிக்கலாம் என்பதை உங்கள் ஆவணமே காட்டிக் கொடுக்கிறது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

பொது நிபந்தனைகளில் எங்கேயோ ஒரு வரி இருக்கும்: ஒப்பந்ததாரர் எல்லாப் பாதுகாப்பு விதிகளையும் தன் செலவில் பின்பற்ற வேண்டும். கான்கிரீட்டுக்குக் கன மீட்டர் கணக்கு உண்டு, கம்பிக்கு டன் கணக்கு உண்டு, பூச்சுக்குச் சதுர மீட்டர் உண்டு. பாதுகாப்புக்கு அளவும் இல்லை, விலையும் இல்லை. மற்ற விலைகளுக்குள் அது அடக்கமாம். சரி, அடக்கம் என்றே வைத்துக்கொள்வோம். குறைந்த விலை கேட்டவருக்குத்தான் வேலை என்றால் அவர் எதைக் குறைப்பார்? சிமென்ட்டைக் குறைத்தால், சோதனைக்கு வார்த்த கான்கிரீட் கட்டியை (க்யூப்) உடைத்துப் பார்க்கும்போது மாட்டிக்கொள்வார். கம்பியைக் குறைத்தால் கான்கிரீட் போடும் முன்பே உங்கள் ஆட்கள் எண்ணிவிடுவார்கள். மாடி விளிம்பில் தடுப்புக் கம்பி கட்டாமல் விட்டால், யாராவது விழும்வரை ஒரு பைசா நஷ்டமில்லை. தடுப்பையும் வலையையும் நேர்மையாகக் கணக்கில் சேர்த்தவரோ டெண்டரிலேயே தோற்றுப் போயிருப்பார்.

குழாய் பதிக்கக் குழி தோண்டும் வேலையில் இது இன்னும் மோசம். ஒரு கன மீட்டர் மண் சுமார் ஒன்றரை டன் இருக்கும், ஈரமாக இருந்தால் அதற்கும் மேல். மார்பளவு புதைந்தாலே மூச்சை இழுக்க முடியாது, தலை வெளியே தெரிந்தாலும் பயனில்லை. அமெரிக்க விதிப்படி, கெட்டிப் பாறையாக இல்லாவிட்டால், 5 அடி ஆழத்துக்கு மேல் பக்கங்களைச் சரிவாக வெட்ட வேண்டும், அல்லது பலகையோ இரும்புப் பெட்டியோ வைத்துத் தாங்க வேண்டும். இப்போது உங்கள் அளவு முறையைப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் வரைபடத்தில் உள்ள அகலத்துக்கு, பக்கங்கள் செங்குத்தாக இருப்பதாக வைத்துத்தான் பணம். சரிவாக வெட்டினால் கூடுதல் மண்ணைத் தோண்டும் கூலியும், திரும்ப நிரப்பும் கூலியும் அவர் கையிலிருந்து போகும். நிபந்தனையில் ஒன்றைச் சொல்லிவிட்டு, பில்லில் அதற்கே அபராதம் போடுகிறோம். இந்த முரண்பாட்டைத் தணிக்கை கண்டுபிடிக்காது, ஏனென்றால் கணக்கு மிகச் சரியாக இருக்கும்.

இதற்கு வழி தெரியாமல் இல்லை. ஹாங்காங் அரசு 1996-இல் தன் பொதுப்பணிகளில் பாதுகாப்புச் செலவைப் போட்டியிலிருந்தே எடுத்துவிட்டது. ஒப்பந்தத் தொகையில் சுமார் 2 சதவீதம் அதற்கென ஒதுக்கப்பட்டது. பாதுகாப்பு அதிகாரி, பயிற்சி, வாராந்திரச் சுற்று ஆய்வு போன்றவை விலைப்பட்டியலில் தனித்தனி இனங்களாக வந்தன. விலையை அரசே நிர்ணயித்ததால் அதில் யாரும் குறைத்துக் கேட்க முடியாது. வேலை நடந்தால் பணம், நடக்காவிட்டால் அந்த இனத்துக்குப் பணம் இல்லை.

‘பணத்தை வாங்கிக்கொண்டு ஏமாற்றுவார்கள்’ என்பீர்கள். ஏமாற்றப் பார்ப்பவர்கள் இருப்பார்கள்தான். ஆய்வு நாளன்று மட்டும் ஸ்டோரிலிருந்து வெளியே வரும் புத்தம் புது ஹெல்மெட்டுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள், நானும் பார்த்திருக்கிறேன். ஆனால் இனமாக எழுதிவிட்டால் அளவெடுக்க வேண்டிய கடமை உங்கள் உதவிப் பொறியாளருக்கு வந்துவிடும். தடுப்பு எத்தனை மீட்டர், எந்தத் தளத்தில், எந்தத் தேதியில் என்று அவர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். நான் கேட்பது முக்கியமாக அந்தக் கையெழுத்தைத்தான்.

வேலையைக் கொடுத்துச் செய்யச் சொல்பவருக்கும் பாதுகாப்பில் பொறுப்பு உண்டு என்று பிரிட்டன் 1994-லேயே விதியில் எழுதிவிட்டது. அங்கே ஒரு பொது அமைப்பின் பொறுப்பில் நடந்த 2012 லண்டன் ஒலிம்பிக் கட்டுமானத்தில், விபத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை.

அப்புறம், திறப்பு விழாத் தேதி. 1978 ஏப்ரலில் அமெரிக்காவின் மேற்கு வெர்ஜினியாவில், வில்லோ ஐலண்ட் என்ற இடத்தில், மின்நிலையக் குளிர்விப்புக் கோபுரம் ஒன்றின் சாரம் சரிந்து 51 பேர் இறந்தார்கள். முந்தைய நாள் போட்ட கான்கிரீட்டையே சாரம் பிடித்துக்கொண்டிருந்தது, அது இன்னும் போதுமான வலு பெறவில்லை. அது அரசுப் பணி இல்லை. ஆனால் கான்கிரீட் இறுகும் நேரத்தை எந்த உத்தரவாலும் சுருக்க முடியாது என்பது எல்லோருக்கும் பொது. வேலையை ஒரு மாதம் முன்னதாக முடிக்கச் சொல்லிக் கடிதம் அனுப்பும்போது, கான்கிரீட்டைத் தாங்கி நிற்கும் முட்டுகளை எப்போது பிரிப்பார்கள் என்றும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

துணை ஒப்பந்தம் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. வேலை கைமாறக் கைமாற விலை இறங்கும், கடைசியில் ஆளைக் கூட்டி வருபவரிடம் சேஃப்டி பெல்ட் வாங்கப் பணமே இருக்காது. பாதுகாப்பு இனங்களை முதன்மை ஒப்பந்ததாரர் கீழே தள்ளிவிடக் கூடாது என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும்.

அடுத்த டெண்டரில் தடுப்பு, வலை, குழித் தாங்கல், பாதுகாப்பு அதிகாரி ஆகிய நான்கை மட்டுமாவது நிலையான விலையில் தனி இனங்களாகப் போடுங்கள். குழியின் சரிவுக்கும் அளவு கொடுங்கள். அதன் பிறகும் விபத்து நடந்து விளக்கம் கேட்க நேர்ந்தால், ஒப்பந்ததாரர் பெயரோடு துறை கடைசியாகத் தடுப்பை அளந்த தேதியையும், கால அட்டவணையைச் சுருக்கிய கடிதத்தின் எண்ணையும் அந்த நோட்டீஸிலேயே எழுதுங்கள்.

இப்படிக்கு,
சைட்டில் வேலை பார்த்த ஒரு பொறியாளர்