பி.எஃப்.க்கு வெளியே இருக்கும் பணம்

நாகர்கோவில்

அன்புள்ள மக்களே,

போனஸ் பணம் சேவிங்ஸ் கணக்கில் சும்மா கிடக்கிறது, மொத்தமாக எஃப்.டி. (வங்கியில் நிரந்தர வைப்பு) போடட்டுமா என்று கேட்டிருந்தாய். போடுவதற்கு முன் இதைப் பொறுமையாக வாசி.

உன் வருமானம் 24 லட்சத்தைத் தாண்டிவிட்டது. புதிய வரித் திட்டத்தில் அதற்கு மேல் வரும் தொகைக்கு 30 சதவீத வரி, அந்த வரி மேல் 4 சதவீத செஸ் என்ற கூடுதல் வரி. ஒரு லட்சத்துக்கு 7 சதவீத வட்டி என்றால் வருஷம் 7,000. அதில் 2,184 வரியாகப் போய்விடும், உனக்கு நிற்பது 4,816. ஐந்து வருஷ டெபாசிட்டில் வட்டி கைக்கு வராவிட்டாலும் வங்கி வருஷாவருஷம் அதை உன் பேரில் ஏற்றிக் காட்டும். வட்டி 50,000 தாண்டினால் வங்கியே 10 சதவீதத்தை டி.டி.எஸ். என்று முன்கூட்டியே வரியாகப் பிடித்துவிடும். அதோடு வரி முடிந்தது என்று பலர் விட்டுவிடுகிறார்கள், பிறகு மீதி வரியோடு வட்டியும் சேர்ந்து நோட்டீஸ் வருகிறது. வட்டி வருமானத்தை ஆபீஸில் சொல்லி, சம்பளத்திலேயே கூடுதலாகப் பிடிக்கச் சொல்லிவிடு.

அதனால் வட்டி தரும் பணத்தை வரி இல்லாத கணக்குகளுக்குள் வைக்கணும், வளரும் பணத்தை வெளியே வைக்கணும். பி.எஃப்.-இல் (சம்பளத்தில் பிடிக்கும் வருங்கால வைப்பு நிதி) உன் பங்கு வருஷம் 2.5 லட்சம் வரை இருந்தால் வட்டிக்கு வரி கிடையாது. இப்போது அதற்குக் குறைவாகத்தான் போகிறதென்றால், வி.பி.எஃப். போட்டு, அதாவது நீயாக விரும்பிக் கூடுதலாகப் பிடிக்கச் சொல்லி, அந்த அளவு வரை நிரப்பு. பி.பி.எஃப்.-இல் (வங்கியிலோ தபால் ஆபீஸிலோ நீயே தொடங்கும் பொது வருங்கால வைப்பு நிதி) வருஷம் 1.5 லட்சம் போடு. புதிய திட்டத்தில் போட்ட பணத்துக்கு வரிக் கழிவு கிடைக்காது, ஆனால் வட்டி இன்னும் வரியில்லாததுதான். ஏப்ரல் 5-ஆம் தேதிக்குள் போட்டால் முழு வருஷ வட்டியும் கிடைக்கும். 6-ஆம் தேதி போட்டால் அந்த மாச வட்டி போச்சு. ஆறு மாசச் செலவுக்கான பணம் மட்டும் எஃப்.டி.யில் இருக்கட்டும், அதற்கு வரிக் கணக்கு பார்க்காதே.

ஏழெட்டு வருஷத்துக்குத் தொடாத பணத்துக்கு இண்டெக்ஸ் ஃபண்ட் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளையே வாங்கும் மியூச்சுவல் ஃபண்ட்), அதில் ஏஜென்ட் கமிஷன் இல்லாத டைரக்ட் பிளான், லாபத்தை வெளியே தராமல் உள்ளேயே வளரவிடும் குரோத் ஆப்ஷன். நீ விற்கும்வரை வரி இல்லை. 12 மாசம் தாண்டி விற்றால், ஒரு நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி கிடையாது. அதற்கு மேல் 12.5 சதவீதம். 12 மாசத்துக்குள் என்றால் 20. இது 2024 ஜூலை 23 முதல் உள்ள விகிதம். மாசாமாசம் போடும் எஸ்.ஐ.பி.யில் ஒவ்வொரு தவணைக்கும் 12 மாசம் தனித்தனியாக எண்ணப்படும். முதலில் வாங்கிய யூனிட்தான் (ஃபண்டில் உன் பங்கின் அலகு) முதலில் விற்றதாகக் கணக்காகும். மாசாமாசம் காசு வரும் என்று டிவிடெண்ட் ஆப்ஷனைச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடு. அது உன் யூனிட்டின் மதிப்பிலிருந்தே எடுத்துத் தருவது, அதற்கும் 30 சதவீதம். கமிஷன் உள்ள ரெகுலர் பிளானிலிருந்து டைரக்ட்டுக்கு மாற்றுவதும் வரிக் கணக்கில் விற்பனைதான், பழைய யூனிட்டுகளை யோசிக்காமல் மாற்றாதே.

இரண்டு மூன்று வருஷத்தில் தேவைப்படும் பணத்துக்கு ஆர்பிட்ரேஜ் ஃபண்டைப் பார், ஒரே பங்கின் இரண்டு சந்தை விலை வித்தியாசத்தில் சம்பாதிப்பது. பங்கு ஃபண்டுக்கான வரியே இதற்கும். வருமானம் நிச்சயமில்லை, ஆனால் ஏற்ற இறக்கம் குறைவு. கடன் பத்திரங்களில் போடும் டெட் ஃபண்டில் 2023 ஏப்ரல் 1 முதல் போட்டதற்கு எத்தனை வருஷம் வைத்தாலும் உன் ஸ்லாப்படிதான் (வருமான அடுக்குக்கான விகிதம்) வரி. விற்கும்வரை தள்ளிப்போடலாம் என்பது மட்டும்தான் அதில் மிச்சம்.

வீட்டுப் பக்கம் வரும்போதெல்லாம் யாராவது ‘மார்த்தாண்டம் பக்கம் அஞ்சு சென்ட் வாங்கிப் போடு’ என்பார்கள். வாங்கும் அன்றே முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாகச் சுமார் 9 சதவீதம் போய்விடும், அவசரத்துக்கு அரை சென்ட்டாக விற்கவும் முடியாது. வீடு கட்ட என்றால் வாங்கு, முதலீடு என்று சொல்லி வாங்காதே.

அப்பா பேரில் போட்டால் வரி மிச்சமாகுமே என்றும் கேட்டிருந்தாய். சட்டப்படி சரிதான், பெற்றோருக்குக் கொடுத்த பணத்தின் வட்டி உன் வருமானத்தில் சேராது. மனைவிக்குக் கொடுத்தால் சேரும். ஆனால் கொடுத்த பணம் அப்பாவுடையதாகிவிடும், நாளைக்கு உன் தங்கைக்கும் எனக்கும் அதில் பங்கு உண்டு. உயில் எழுதாமல் இதைச் செய்யக் கூடாது.

மார்ச் மாசத்தில் ஒரு வேலை இருக்கிறது. ஃபண்டில் 12 மாசம் தாண்டிய நீண்டகால லாபம் 1,10,000 நிற்கிறதென்றால் அந்த யூனிட்டுகளை விற்று, பணம் வந்ததும் அதே ஃபண்டில் திரும்பப் போடு. வரி பூஜ்யம், வாங்கிய விலை புதிதாக உயர்ந்துவிடும். பின்னால் 14,300 ரூபாய் வரை மிச்சமாகலாம். 1.25 லட்சம் என்பது எல்லா ஃபண்டும் நேரடிப் பங்கும் சேர்த்த ஒரே வரம்பு. கடைசி நாள்வரை காத்திராதே: விற்றது 31-க்குள் நடந்திருக்கணும், இடையில் விடுமுறை வந்தால் அடுத்த வருஷக் கணக்கில் போய்விடும். திரும்ப வாங்கியதற்கு 12 மாசம் முதலிலிருந்து, எக்ஸிட் லோடும் (சீக்கிரம் விற்றால் ஃபண்ட் பிடிக்கும் கட்டணம்) அப்படியே. நஷ்டத்தில் நிற்கும் யூனிட் இருந்தால் அதை விற்று லாபத்தில் கழி. மிஞ்சும் நஷ்டத்தை 8 வருஷம் கொண்டுபோகலாம், ஆனால் ரிட்டர்னைக் கெடுவுக்குள் போட்டிருக்கணும்.

ஃபண்டுகளின் கணக்கைப் பராமரிக்கும் கேம்ஸிலிருந்தும் கே-ஃபின்டெக்கிலிருந்தும் லாப நஷ்ட ஸ்டேட்மென்ட்டை இறக்கி, மார்ச் 10-க்குள் எனக்கு அனுப்பு. எந்த யூனிட்டை விற்கலாம் என்று குறித்துத் தருகிறேன்.

அன்புடன்,
அம்மா